வால் பிடித்துப் பிழைப்பவள்

போர்த்தோவிலிருந்து வந்த ஆலோசகர்
காப்பிக் கோப்பையை நகர்த்திவிட்டு
துடைப்புத்தாளில் ஒரு பல்லி வரைந்தார்.
கொழுத்த தலை, மேசை விளிம்புவரை வால்.
தலைக்குள் ‘காலணி’ என்று எழுதி
ஒரு சொடுக்குக்கு இத்தனை சென்ட் என்று
தலைக்கு விலை சொன்னார்.
வாலைக் காட்டி, உங்களைப் போன்றவர்களுக்கு
இது போதும் என்றார், நாசூக்காக.

ஃபெல்கைராஸில் தடுக்கி விழுந்தால் காலணிப் பட்டறை.
என்னுடையதில் எட்டுத் தையல் இயந்திரங்கள்,
ஆறு ஓடும்.
‘காலணி’ என்று தட்டிப் பார்த்தால்
என் பெயர் எத்தனையாவது பக்கத்திலோ கிடக்கிறது.
அவ்வளவு தூரம் யார் நடந்து வருவார்?
நான்தான் போனேன், ஒரு மழை இரவில்,
இருக்கிறேனா என்று பார்க்க.

அன்றுதான் அந்த அறிக்கையைத் திறந்தேன்.
எதைத் தட்டி என் வாசலுக்கு வந்தார்கள்
என்பது வரிவரியாக இருந்தது.

வலது 38 இடது 41 வெள்ளை மே மாதக் கல்யாணம்

இடது கால் மட்டும் விற்பார்களா

கட்டைவிரல் இல்லாத காலுக்கு கால்பந்து பூட்ஸ் வயது ஒன்பது

இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்று எறிவதற்கு வேறு வழி

ஒற்றைச் சொல் சொல்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர்.
இவர்கள்
கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூசியதை
முற்றுப்புள்ளிகூட வைக்காமல்
இருட்டில் ஒரு வெள்ளைப் பெட்டியிடம் சொல்கிறவர்கள்.

வாக்கியத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதினேன்.
அவர்கள் தட்டிய சொற்களே தலைப்பு.
கீழே அளவு, தோல், விலை, எத்தனை நாளாகும்.
அண்ணன் அடெரிட்டோ சிரித்தான்:
மாதம் ஏழு பேர் தேடுவதற்கு ஒரு பக்கமா?
ஏழு பேர் என்றேன்.
பதினான்கு கால்கூடத் தேறாதே என்றான்.
அவனை அடிக்கக் கையில் கிடைத்தது
ஒரு வலது கால் 44.

கொட்டவில்லை. கசிந்தது.
ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், இன்னொன்றுக்கு ஒருவர்,
சிலவற்றுக்கு எவருமில்லை.
ஓட்டு விரிசலில் சொட்டும் நீர்போல
காதில் விழாமலே.
அக்டோபரில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
பழுதான இரண்டு இயந்திரங்களில் ஒன்றைச் சரிசெய்தேன்.
ஊரில் கேட்டால்
எர்மீனியா வால் பிடித்துப் பிழைக்கிறாள் என்பார்கள்.
உண்மைதான்.

ஒரு வாரம், பிராகான்சா பக்கமிருந்து,
விடிகாலை மூன்று மணிக்கு, மூன்று முறை:
செயற்கைக் கால் மரப்படி சத்தம் குழந்தை எழாமல் இறங்க
அதற்கு என்னிடம் சரக்கு இல்லை.
ஆனால் நாடு முழுக்க தக்கை மரம் இருக்கிறது.
நான்கு மில்லிமீட்டர் தக்கை, சூடான பசை,
குதிகாலின் வெளி விளிம்பில் ஒட்டுங்கள்,
ஒலி பிறப்பது அங்கேதான்,
எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்
என்று எழுதிவைத்தேன்.
விலைப்பட்டியல் இல்லாத ஒரே பக்கம்.
மாதம் நாற்பத்தொரு பேர் வருகிறார்கள்.
ஒரு சென்ட் வந்ததில்லை.

பிராகான்சாவிலிருந்து அந்த வரி
அதன்பின் வரவேயில்லை.
வரைபடத்தில் அது ஓர் இறக்கம்.
ஆலோசகர் பார்த்தால் சிவப்பில் சுழித்திருப்பார்.

கல்யாணக் காலணி ஏப்ரலிலேயே போய்விட்டது.
என் வெட்டச்சு ஜோடியாகத்தான் வெட்டும்.
ஆகவே அலமாரியில் மிச்சம்
இடது 38, வலது 41,
வெள்ளை, சாட்டின் பட்டை.
பக்கமும் எழுதியாயிற்று.
எங்கோ ஒருத்தி
இன்னும் தட்டச்சு செய்யவில்லை.